முள் சிலிர்த்தால் வெளியே!

ஓடைக்கரைக் காட்டில் கரடி வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். மணலில் பதிந்த காலடியைப் பார்த்து, போனது மானா சிறுத்தையா என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். அது தெரியாத குட்டி, கோடையில் தண்ணீர் குடிக்கப் போனால் உயிரோடு திரும்பாது.

தாழை என்ற முள்ளம்பன்றிக் குட்டிக்கு அந்தப் பாடம் மண்டையில் ஏறவே இல்லை. வாத்தியார் கேள்வி கேட்டாலே அவளுக்குப் பயம். பயம் வந்தால் முதுகு முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கும்.

“என்னிடமே முள்ளைச் சிலிர்க்கிறாயா? அத்தனை திமிரா! போ வெளியே!” என்று உறுமுவார் கரடி.

தாழை வெளியே போய் நிற்பாள். உள்ளே பாடம் நடக்கும். மறுநாள் அந்தப் பாடத்தில்தான் கேள்வி வரும்! மறுபடி பயம், மறுபடி முள், மறுபடி வெளியே.

கோடை பிறந்தது. ஒரு நாள் வாத்தியார் எல்லாரையும் ஓடைக்கரைக்கே கூட்டிப் போய், ஒரு தடத்தைக் காட்டினார். “தாழை, இது யார் தடம்?”

முள் எழுந்தது.

“போ வெளியே!” ஓடைக்கரையிலும் அதே உறுமல்.

“போகமாட்டேன்!” என்றாள் தாழை. குரல் நடுங்கியது, கால் நகரவில்லை. “எனக்குத் தெரியவில்லை ஐயா. தெரியாததைச் சொல்லித் தரத்தானே பள்ளிக்கூடம்? தெரிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?”

கரடி அவளைப் பிடித்து இழுக்கப் போனார். “ஐயோ!” உள்ளங்கையில் முள் தைத்தது. கையை உதறிக்கொண்டே கத்தினார்: “மற்ற பிள்ளைகளைப் பார்! எவ்வளவு அடக்கம்! முயலே, நீ சொல்!”

முயல் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. காதைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னது: “எனக்கும் தெரியாது ஐயா. சொன்னால் வெளியே அனுப்புவீர்கள் என்று சும்மா இருந்தேன்.”

“எனக்கும் தெரியாது!” என்றது ஆமை. “எனக்கும்!” என்றது அணில்.

கரடி மணலில் இருந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தார். அது விடியலில் சிறுத்தை வந்துபோன தடம். நாளைக்கு இத்தனை குட்டிகளும் அதை மிதித்துக்கொண்டே தண்ணீருக்குப் போகும்!

அவர் மணலில் உட்கார்ந்தார். “கிட்டே வா, தாழை.”

“முள் அடங்கவில்லையே ஐயா!”

“அது பாட்டுக்கு நிற்கட்டும். இதைப் பார். நகம் பதிந்திருக்கிறதா?”

தாழை குனிந்து பார்த்தாள். “இல்லை ஐயா.”

“நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பது யார்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சிறுத்தை!” என்று கத்தினாள்.

தெரியாது என்பவனை வெளியே நிறுத்தும் பள்ளியில், உள்ளே உட்கார்ந்திருப்பவனும் வாயை மூடிக்கொள்ளத்தான் கற்கிறான்.