தப்பான விடைக்குத் திறந்த லைன்

சங்கரன்கோவில் தையல்காரி பேச்சியம்மாள், டிவி சொல் விளையாட்டுக்கு வாரம் தவறாமல் போன் போடுவாள். எடுக்கும் பெண் விடையைக் கேட்டுக்கொண்டு, "லைன்ல இருங்க" என்பாள். காத்திருந்தே போன் காசு கரையும். திரையில் தொகுப்பாளர் ஜெயசீலனோ, "ஒருத்தருக்குமா தமிழ் தெரியல?" என்று நக்கலடிப்பான். பேச்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைய கேள்வி 'தா_ரை'. அந்தப் பெண்ணிடம் அப்பாவியாக, "தாவரைங்க" என்றாள். உடனே ஜெயசீலனே நேரலையில் பேசினான்.

"சொல்லுங்கம்மா, விடை என்ன?"

"தாமரை! சரியாச் சொன்னப்பெல்லாம் காக்க வெச்சீங்க. இன்னைக்குத் தப்பாச் சொன்னேன், உடனே லைன் கொடுத்துட்டாங்க. இது என்ன நியாயம்?"

ஜெயசீலன் அவசரமாகக் குறுக்கிட்டான். "உங்களுக்கே கிரைண்டர் பரிசும்மா!"

"அது கெடக்கட்டும். காத்திருக்கிறவங்களையும் பேச விடுங்க, ஊரே கேக்கட்டும்."

நேரலையில் மறுக்க வழியில்லை. லைனைத் திறந்தார்கள். மதுரை, சேலம், நாகப்பட்டினம் என்று வந்த குரலெல்லாம் "தாமரை" என்றது.