பூபாலராயர் வீட்டு ஊதாப்பூ மரம்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு ஒன்று பிடித்துவிட்டால் ஊருக்கே பிடித்தாக வேண்டும்.

அவனுக்கு அப்போது பிடித்தது, அரசவைப் பிரபு பூபாலராயர் கடல் கடந்து கொண்டுவந்து தன் வீட்டில் நட்டிருந்த ஊதாப்பூ மரம். "இனி வீட்டுக்கு வீடு இதை நட வேண்டும். வாசலில் நிற்கும் புங்கையையும் புன்னையையும் வெட்டி எறியுங்கள்!" என்றான்.

மந்திரி செங்கண்ணனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மரத்தின் கன்றுகள் ஊர்க்குளத்தை அடைத்துக்கொள்ள, பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்புவதை அன்று காலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ராஜா, அது ஊரைத் தின்கிற மரம்!"

ராயர் சிரித்தார். "மந்திரியாருக்குப் பொறாமை. நட்ட இடத்தில்தானே நிற்கிறது? ஓரடி நகர்ந்ததா?"

"மரம் நகரவில்லை, அதன் பிள்ளைகள் நகர்ந்துவிட்டன. நாட்டிலேயே தாய்மரம் உம் வீட்டில்தான் இருக்கிறது. முளைத்ததையெல்லாம் உம் கையாலேயே பிடுங்கும். பௌர்ணமிக்குள் குளம் சுத்தமானால் என் மந்திரி முத்திரை உமக்கு."

முத்திரை என்றதும் ராயருக்கு வாயெல்லாம் பல். "இவ்வளவுதானா!" என்று குதித்தார். அதுவரை கட்டளையை நிறுத்திவைக்க ராஜாவும் சம்மதித்தான்.

ராயர் வெட்டினார். வெட்டிய அடியில் கொத்தாகத் துளிர்த்தது. பிடுங்கினார். அறுந்து தங்கிய வேர் மறுபடி முளைத்தது. குருவிகளோ அவர் வீட்டுப் பழத்தைத் தின்றுவிட்டுக் கரையெங்கும் எச்சமிட்டன. செங்கண்ணன் தினமும் வந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

பௌர்ணமியன்று ராஜா குளத்துக்கு வந்தான். இடுப்பளவு சேற்றில் நின்ற ராயர் அவனைக் கவனிக்காமல் கத்தினார்: "எந்தப் பாவி இந்தச் சனியனைக் கொண்டுவந்தான்? அவனை நாடு கடத்த வேண்டாமா?"

"நீங்கதான் சாமி கொண்டுவந்தீங்க!" என்றாள் கரையில் நின்ற ஒருத்தி.

ஊரே சிரித்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"நாடு கடத்த மாட்டேன். கடைசிக் கன்றைப் பிடுங்கும்வரை உமக்கு இந்தக் குளம்தான் அரசவை. முதலில் உம் வீட்டு மரத்தை வேரோடு தோண்டும்! கேளுங்கள் ஜனங்களே, எந்தப் புது மரத்தையும் அது எப்படிப் பரவும் என்று விசாரிக்காமல் நடாதீர்கள். வாசலுக்கு நம் புங்கை போதும்." பிறகு திரும்பினான். "மந்திரியாரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"என் கோபம் இன்னும் அடங்கவில்லை, ராஜா. இதை வீட்டுக்கு வீடு நடச் சொன்னது நீங்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களும் குளத்தில் இறங்குங்கள்."

ராஜா கிரீடத்தைக் கழற்றிச் சேவகனிடம் கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் கால் வைத்தான்.