மீன் விடாத தொட்டி

தவசிமுத்து தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அறைக்குள் வந்ததும் ஈர விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டாள் போல என்று நினைத்தார். தட்டில் இன்னும் சோறு இருந்தது.

மீன் தொட்டி என்று பேர்தான். மீன் கிடையாது. உப்புத் தண்ணீரும், அடுக்கி வைத்த கற்களும்தான்.

"கிளம்பியாச்சா குருநாதரைப் பாக்க?" என்றாள் செல்லக்கனி.

குருநாதர் என்று அவள் கேலி செய்தது ஜெசிந்தா டீச்சரை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற தன் புருஷன், மகள் வயதுக்காரி முன்னால் கைகட்டி நின்று பாடம் கேட்பது செல்லக்கனிக்கு வேடிக்கையாக இருந்தது.

"தண்ணியச் சோதிச்சுட்டு வந்துருதேன்."

"இன்னைக்கும் பொறு பொறுன்னுதான் சொல்லுவாக. எனக்கு அந்த ஆரஞ்சு மீன் ரெண்டு வேணும்னு சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"உயிருள்ள கல்லு, உயிருள்ள கல்லுங்கிய. உயிரு இருந்தா அதுக்குப் பசிக்காதா?"

அவர் சிரித்துக்கொண்டே, தண்ணீர் பிடித்த பாட்டிலோடு படியிறங்கினார். திரும்பி வந்தபோது வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

அந்தக் கற்கள் டீச்சர் கடையின் பழைய தொட்டியில் வெகுகாலம் ஊறியவை. லைவ் ராக் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை பெருகி, தண்ணீரில் சேரும் விஷத்தைத் தின்று தீர்க்க வேண்டும். அதுவரை மீன் விட்டால் செத்துப்போகும். உள்ளே எதையும் போடக் கூடாது. பொறுத்திருக்க வேண்டும். டீச்சர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

தண்ணீரில் மருந்து விட்டுப் பார்ப்பார் டீச்சர். மஞ்சள் வந்தால் மீன் விடலாம். பச்சை வந்தால் விஷம் இன்னும் இருக்கிறது, விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் பச்சைதான் வந்தது. மற்றவர்கள் தொட்டியெல்லாம் சீக்கிரமே மஞ்சளுக்கு வந்துவிட, இவருடையது மட்டும் ஏன் இப்படி என்று டீச்சருக்கே புரியவில்லை. செல்லக்கனிக்கு நெஞ்சு வலித்த அந்த மத்தியானமும் தவசிமுத்து கடையில் நின்று பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் சடங்கெல்லாம் முடிந்து, உறவுகள் ஊர் திரும்பி, வீடு அடங்கிய பிறகு ஒருநாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

டீச்சர் மருந்து விட்டார். குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மஞ்சள், அண்ணாச்சி."

தவசிமுத்து கண்ணாடிக் குழாயையே பார்த்தார்.

"அவ இருந்தவரைக்கும் பச்சை. அவ போனதும் மஞ்சளா?"

டீச்சர் குழாயைக் கழுவி வைத்தார்.

"கல்லைத் திருப்பி எடுத்துக்கிடுங்க, டீச்சர்."

"ஏன்?"

"பொறுன்னு சொன்னிய. பொறுத்தேன். அவ ஒரு மீனைக்கூடப் பாக்கல. அவ உயிரு போகும்போது நான் இங்க நின்னு கலர் பாத்துக்கிட்டு இருந்தேன். எதுக்குப் பொறுத்தேன்? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் ஒரு வாளியை எடுத்தார். கடையின் ஷட்டரை இறக்கினார்.

"வாங்க, கல்லை எடுத்துருவோம்."

வீட்டுக்கு வந்தும் டீச்சர் கல்லைத் தொடவில்லை. தொட்டியைச் சுற்றி வந்தார். அடுப்படிப் பக்கத்து மூலையில், மூடியின் விளிம்பில் காய்ந்துபோன மஞ்சள் கறை இருந்தது. விரல் நகத்தால் சுரண்டினார்.

"உள்ள ஒண்ணும் போடலையே, அண்ணாச்சி?"

"நீங்கதானே கூடாதுன்னிய. போடுவேனா?"

"இது குழம்பு."

"குழம்பா? எனக்கு வெந்நி போடத்தான் தெரியும். இப்ப எதிர்வீட்டுல இருந்து வர்ற சோறுதான்."

டீச்சர் முக்காலியைக் காட்டினார். "இது யாரு உக்கார்ற இடம்?"

"அவ இதுலதான் சாப்பிடுவா."

"அவங்க தட்டை எடுத்துட்டு வந்து உக்காருங்க."

எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் போய் எடுத்து வந்தார். உட்கார்ந்தார். காலடியில் தட்டை வைத்தார். எவர்சில்வர் தரையில் பட்டு ஓசை எழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. மனைவி செத்த வீட்டில் காலித் தட்டோடு உட்கார்ந்திருப்பது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

"இது என்ன விளையாட்டு, டீச்சர்?"

"பொறுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. எழுந்திருக்கப் போனார்.

அடிக்கல்லின் இடுக்கில் ஏதோ அசைந்தது. கல்லின் துண்டு ஒன்றே பெயர்ந்து நடப்பது போல வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு. பக்கவாட்டில் ஓடி வந்து, கறை இருந்த மூலைக்கு நேர் கீழே நின்றது. இரண்டு கொடுக்குகளையும் மேலே தூக்கியது.

எத்தனை நாள் முன்பக்கம் விளக்கைப் போட்டு உட்கார்ந்து பார்த்திருப்பார். ஒருநாளும் அவர் கண்ணில் பட்டதில்லை.

"இது எங்க இருந்து வந்தது?"

"கல்லோட வந்திருக்கும். எனக்கும் தெரியாது."

"அப்ப அந்தப் பச்சை?"

"சோறு. தண்ணியில அழுகியிருக்கும்."

சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. முந்தானையில் துடைத்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

"மீன் வேணும் மீன் வேணும்னு என்னை விரட்டிக்கிட்டே இருந்தா. அவளே வரவிடாமப் பண்ணியிருக்காளே! நான் பொறுத்துக்கிட்டு இருந்தப்ப இவ என்ன பண்ணிக்கிட்டு இருந்திருக்கா?"

"வளத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

நண்டு கொடுக்கை இறக்கவில்லை.

"இப்ப மீன் விடலாமா?"

"விடலாம். தண்ணி மஞ்சளா இருக்கு."

"இதுக்குச் சோறு?"

"போடலாம்."

"சோறு போட்டா தண்ணி பச்சையாகுமே, டீச்சர்."

"ஆகும்," என்றார் ஜெசிந்தா டீச்சர். வாளியை எடுத்துக்கொண்டு ஒரு கல்லைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார்.

அந்தத் தொட்டியில் இன்றுவரை மீன் இல்லை. நண்டு இருக்கிறது.