ஒரே இழுப்பு

கௌபாய் காதல் நாவலாசிரியர் மேகவர்ணன், ஊட்டியில் தனக்குச் சொந்தமான குதிரை லாயத்தில் கூட்டம் கூட்டித் தன் புது நாவலை வாசித்தார். அதில் கதாநாயகன் ஒரே இழுப்பில் சேணம் கட்டித் தாவி ஏறுகிறான். அப்படியே தானும் ஏறிக்காட்டுவாராம்.

லாயக்காரி செங்கமலம் தடுத்தாள். "சேண வாரை இழுக்கையில குதிரை வயித்தை உப்பிக்கும் ஐயா, அப்புறம் வார் தளந்துடும். நாலடி நடத்தி மறுபடி இறுக்கணும்."

"என் எழுத்தைத் திருத்த நீ யாரடி? எழுதியபடி கட்டு. இல்லையேல் வேலையை விட்டுப் போ!"

உழைக்கிறவள் சொல் எந்தச் சபையில் எடுபட்டது? ஒரே இழுப்பில் கட்டிவிட்டுக் கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மேகவர்ணன் தாவினார். சேணம் குதிரையின் வயிற்றுக்கடியில் சுழன்றது. ஒரு கால் சேணத்தின் மிதிவளையத்தில் சிக்க, மண்ணில் மல்லாந்தார்.

"அடுத்த வரியில 'குதிரை புயலாய்ப் பறந்தது'ன்னு வாசிச்சீங்களே. கடிவாளத்தை விடட்டுங்களா ஐயா?"

"விடாதே தாயே! நீ சொன்னதுதான் சரி. உன் வேலையும் உனக்குத்தான்!"

"இன்னொரு தரம் உரக்கச் சொல்லுங்க ஐயா. வாக்கும் வார் மாதிரிதான், ஒரே இழுப்புல நிக்காது."