படுக்க வைத்து எடுத்த அளவு

இது நான் நேரில் பார்த்ததல்ல. அந்த ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர் என் அத்தையிடம் சொன்னார். அத்தை என்னிடம் சொன்னார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இசக்கியப்பன் அறுவை சிகிச்சைப் பிரிவில் மூன்றாம் ஆண்டு மேற்படிப்பு மாணவன். குடலிறக்கத்துக்கு அவன் செயற்கை வலை வைத்துத் தைப்பதைப் பார்க்கவே ஜூனியர்கள் வந்து நிற்பார்கள். பலவீனமான தசைக்கு மேல் அந்த வலை ஒரு சுருக்கம் இல்லாமல், கேரம் போர்டு மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கும்.

டெய்லர் பீர் மைதீனுக்கு வலது பக்கத்தை அவன்தான் தைத்தான். அதற்குப் பிறகு பாய் நான்கு முறை ஓ.பி.க்கு வந்தார்.

"நின்னு துணி வெட்ட முடியல தம்பி. உள்ளேயிருந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"படுங்க பாய்."

படுப்பார். இசக்கி அமுக்கிப் பார்ப்பான்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"எல்லாம் நல்லா இருக்கு பாய். போயிட்டு வாங்க."

ஒன்றரை வருடத்தில் இடது பக்கமும் குடல் இறங்கியது. இந்த முறை பாய் நேராகத் துறைத் தலைவர் டாக்டர் ஹெப்சிபாவிடம் போனார்.

"டாக்டரம்மா, இதை நீங்களே பண்ணுங்க. தம்பி தங்கமான பிள்ளை. ஆனா அவர் கை வேண்டாம்."

பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இசக்கி.  அன்று ராத்திரி பழைய ஆபரேஷன் குறிப்பை எடுத்து மூன்று முறை படித்தான். தையல் எதுவும் விடவில்லை. வலை எங்கேயும் குறையவில்லை. பிறகு எங்கே தப்பு?

ஆபரேஷன் அன்று அவன் உதவிக்கு நின்றான். அறுக்கும் இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்திருந்தார்கள். பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் பாய் விழித்திருந்தார். ஹெப்சிபா வலையை வைத்துத் தைத்தார். அது நடுவில் லேசாகத் தொய்ந்து, மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.

இசக்கிக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், தொய்வா இருக்கு."

"இருக்கட்டும்."

"ஒரு தையல் இழுத்துப் போட்டா நேராயிடும்."

"நேரா எதுக்கு?"

"பிடிப்பா நிக்க வேண்டாமா?"

அவர் தலை நிமிர்ந்தார். திரைப் பக்கம் திரும்பினார்.

"பாய், தூங்கிட்டீங்களா?"

"இந்த ஏசிக் குளிர்ல எங்கேம்மா தூங்க?"

"பேண்ட்டுக்கு அளவெடுக்கிறப்ப ஆளைப் படுக்க வெப்பீங்களா?"

திரைக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது.

"மய்யித்துக்குக் கஃபன் துணி வெட்டத்தாம்மா அப்படி அளக்கிறது. அவரு எந்திரிச்சு நடக்க மாட்டாரு பாருங்க."

நர்ஸும் சிரித்துவிட்டார். இசக்கி சிரிக்கவில்லை.

"ஒரு இருமல் இருமுங்க பாய்."

பாய் இருமினார். வயிறு எழும்பியது. தொய்ந்து கிடந்த வலையும் கூடவே எழும்பி நேரானது. எந்தத் தையலும் இழுபடவில்லை. பிறகு பழையபடி தொய்ந்தது.

இசக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தைத்தபோதும் பாய் படுத்துத்தான் இருந்தார். வலை அப்போதே நேராக இருந்தது. அவர் எழுந்து நின்றபோது விட்டுக்கொடுக்க அதில் மிச்சம் எதுவும் இருந்திருக்காது.

எல்லாம் முடிந்து கை கழுவும் இடத்தில் அவன் பேசினான்.

"மேடம், வலது பக்கம் நான் இறுக்கிட்டேன். என் கை தப்பு."

"கை எல்லாருக்கும் தப்பும். எனக்கும் தப்பியிருக்கு."

கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"அப்புறம் எத்தனை தடவை உன்கிட்ட வந்தாரு?"

"நாலு தடவை."

"எப்ப வலிக்குதுன்னு சொன்னாரு?"

"நிக்கிறப்ப."

"நீ என்ன சொன்னே?"

இசக்கி குழாயை மூடினான். 

கதை இவ்வளவுதான். கேட்ட பிறகு நூலகத்தில் ஒரு சர்ஜரி பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குடலிறக்கப் பரிசோதனை பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது: நோயாளியை முதலில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.