பூவலிங்கத்தின் இடது முழங்கை

கோணவயல்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனியன்.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு இடது முழங்கையில் எக்ஸிமா. தோல் வறண்டு செதில் செதிலாய் உரியும். அரிப்போ உயிரை வாங்கும். வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போகவேண்டும். சபையில் உட்கார்ந்து சொறிகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று அவனுக்கு ஒரே கலக்கம்.

டாக்டரம்மா களிம்பு கொடுத்து, குளித்த ஈரம் காய்வதற்குள் பூசச் சொன்னார். "எவ்வளவு அரிச்சாலும் அந்த முழங்கையைச் சொறியவே கூடாது, தம்பி" என்று கண்டிப்பாகவும் சொன்னார்.

குளிக்கும் கிணறு ஊர்க்கோடியில். களிம்பு இருப்பதோ வீட்டில். களிம்பைக் கிணற்றுக்கு எடுத்துப்போகும்படி டாக்டரம்மா சொல்லவில்லையே. அதனால் கூட்டாளிகள் சடையாண்டியும் ஒண்டிவீரனும் ஆளுக்கொரு குடத்தோடு கூடவே ஓடினார்கள். வழிநெடுக அவன் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரம் காயாமல் வீடு சேர்த்தார்கள்.

அடுத்து, அரித்தால் என்ன செய்வதென்று மூவரும் கூடி யோசித்தார்கள்.

"உன் முழங்கையைத்தான சொறியக் கூடாதுன்னாங்க. என் முழங்கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே, மாப்ளே" என்றான் சடையாண்டி.

சொன்னதோடு நிற்காமல் தன் முழங்கையைச் சொறிந்தும் காட்டினான். பூவலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மேலே என்றான்.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டில் மாப்பிள்ளை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பாழாய்ப்போன அரிப்பு வந்துவிட்டது. எதிரே இருந்த சடையாண்டி வறக் வறக்கென்று தன்னைச் சொறிந்தும் அடங்கவில்லை. எதிரில் உட்கார்ந்தால் வலது இடது மாறிப்போகும் என்று ஒண்டிவீரன் விளக்கினான். உடனே சடையாண்டி பூவலிங்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சொறிய ஆரம்பித்தான்.

பெண்ணின் அப்பா முகம் சுண்டிப்போனது. சம்பந்தம் போச்சு என்று பூவலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

காப்பி கொண்டுவந்த மணப்பெண் செங்கமலம் விவரம் கேட்டாள். ஒண்டிவீரன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"ஊரான் சொறிஞ்சா எப்படி அடங்கும்? கட்டிக்கப் போறவ சொறியணும்" என்றாள் அவள். தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடது முழங்கையைச் சொறிந்தாள்.

"அப்பாடா" என்றான் பூவலிங்கம். அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். பூவலிங்கத்தின் கை அப்படியே இருப்பதைப் பார்த்து, களிம்பு பூசுகிறீர்களா இல்லையா என்று அவர் அதட்டினார்.

"அவர் குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள தவறாம பூசிடறார், டாக்டரம்மா" என்ற செங்கமலம், மழமழவென்றிருந்த தன் முழங்கையைப் பெருமையோடு நீட்டினாள்.