இறக்கக் கூடாத பல்லக்கு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பியதில்லை. சொன்னவர் என் நண்பர் சிங்காரம். அவர் கதைகளில் எல்லாம் அளவுக்கு மேல் சரியாக நடக்கும். இருந்தாலும் அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

வெகு காலத்துக்கு முன் மருதங்காட்டை ஆண்ட கோதண்டவர்மருக்கு எதிலும் அவசரம். ஆற்றங்கரை மாளிகைக்குப் பல்லக்கில் போய்வந்த மறுநாள், “ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?” என்று சபையில் கேட்டார்.

தளவாய் சேனாதிராயர் இதற்குத்தான் காத்திருந்தார். வழியில் பல்லக்கை இறக்கி இளைப்பாறலாம் என்பது அமைச்சர் நல்லபெருமாள் செய்த ஏற்பாடு. அமைச்சர் செய்த எதுவும் தளவாய்க்கு ஆகாது.

“மகாராஜா, இவர்கள் மரத்துக்கு மரம் நிற்கிறார்கள். ஒருவன் தோளைத் தடவுகிறான். ஒருவன் வானத்தைப் பார்க்கிறான். பல்லக்குத் தூக்குகிறவனுக்கு வானத்தில் என்ன வேலை?”

பல்லக்குக்காரர்களின் தலைவன் ஒச்சப்பன் கதவோரம் நின்றிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

“இனிமேல் கிளம்பினால் மாளிகையில்தான் இறக்க வேண்டும்” என்றார் அரசர்.

“நடுவில் நிறுத்தினால் மீசையில் பாதி போகும், வேலை முழுதாகப் போகும்” என்று சேர்த்தார் தளவாய்.

ஒச்சப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டான். மீசை வளர்ந்துவிடும். வேலை போனால் அரண்மனை கொடுத்த வீடும் போகும். வீட்டில் மனைவி நிறைமாதம். அமைச்சர் ஏதாவது சொல்வார் என்று அவரையே பார்த்தான்.

“நல்ல உத்தரவு” என்றார் அமைச்சர். “வேறு யாராவது நிறுத்தச் சொன்னால்?”

“யார் சொன்னாலும் சொன்னவருக்குத்தான் தண்டனை” என்றார் தளவாய்.

அரசர் முத்திரை வைத்தார்.

அடுத்த பயணத்தன்று காலைப் பொங்கலில் உப்பு கொஞ்சம் தூக்கல். அரசர் செம்பு செம்பாக மோர் குடித்துவிட்டுப் பல்லக்கில் ஏறினார். அமைச்சரும் தளவாயும் பக்கத்தில் குதிரையில் வந்தார்கள்.

பாதி வழியில் ஒச்சப்பனின் தோள் தீயாக எரிந்தது. பல்லக்கு ஒருபக்கம் சாய்ந்து குலுங்கியது. திரை விலகியது.

“ஒச்சப்பா, கொஞ்சம் நிறுத்து.”

“நிறுத்தச் சொல்வது தாங்கள்தானே, மகாராஜா?” என்று பணிவாகக் கேட்டார் அமைச்சர். “யார் சொன்னாலும் என்று உத்தரவில் இருக்கிறது.”

அரசரின் கை மீசைக்குப் போனது. “உத்தரவை மாற்றும்.”

“முத்திரை அரண்மனையில் இருக்கிறது. திரும்பிப் போகலாம். இதே தூரம்தான்.”

“இப்போது எதற்காக நிற்க வேண்டும், மகாராஜா?” என்றார் தளவாய்.

அரசர் அவர் பக்கம் திரும்பினார். “தளவாய், நீர் நிறுத்தச் சொல்லும்.”

“நானா?”

“என் கட்டளை. சீக்கிரம்.”

“நிறுத்துங்கடா” என்றார் தளவாய், தன் காதுக்கே கேட்காதபடி. ஒச்சப்பனுக்கு நன்றாகக் கேட்டது.

அரசர் புதருக்குப் பின்னால் போய், வேறு மனிதராகத் திரும்பி வந்தார். அதற்குள் இடப்பக்கத்து ஆட்கள் வலப்பக்கம் மாறியிருந்தார்கள். ஒச்சப்பன் தண்டில் இற்றுப்போயிருந்த கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒருவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அங்கே என்னடா?” என்றார் அரசர்.

“மலைப்பக்கம் கறுத்திருக்கு, சாமி. ஆத்துல வெள்ளம் வரும். மேட்டு வழியாப் போயிடணும்.”

அரசர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “நிற்காமல் போயிருந்தால்?”

“பல்லக்கு இறங்கியிருக்கும், சாமி” என்றான் ஒச்சப்பன். “நாங்க இறக்காமலே.”

அரண்மனை திரும்பியதும் உத்தரவை மாற்றும்படி அரசர் அமைச்சரிடம் சொன்னார். “இனிமேல் எங்கே நிற்பது என்று ஒச்சப்பன் சொல்லட்டும்.” பிறகு தளவாயைப் பார்த்தார். “உம்முடைய வேலை இருக்கட்டும். மீசைக்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.”

அது வளரும்வரை தளவாய் சபையில் ஒருபக்கமாகத் திரும்பியே பேசினாராம்.

எனக்கு ஒன்றுதான் பொருந்தவில்லை. அவ்வளவு யோசிக்கிற அமைச்சர், ஒருவனுடைய பிழைப்பை அதிர்ஷ்டத்தை நம்பியா விட்டிருப்பார்? போன மாதம் சிங்காரத்திடம் கேட்டேவிட்டேன்:

“அன்றைக்குப் பொங்கலுக்கு உப்புப் போட்டது யார்?”